பழைய பீடம், புது டைல்ஸ்: டெல்டா கோயில்களில் ஒரு மழைக்காலச் சுற்று

நவம்பர் 11, செவ்வாய் – பூதலூர், பூண்டி

பூதலூரில் இறங்கும்போதே தூறல். ரயிலடிக்கு எதிரே டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி 8. பூண்டிக்கு வழி கேட்டதும் பஜ்ஜி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "திருக்காட்டுப்பள்ளி போயி மாறிக்குங்க, கண்டக்டர்கிட்ட மாதா கோயில்னு சொல்லிப்புட்டா போதும்" என்று சொல்லி, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தியும் விட்டார். சாலைக்கு இரு பக்கமும் சம்பா நடவு. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது.

டெல்டாவின் பழைய கத்தோலிக்கக் கோயில்களின் உட்புறத்தை 'மாடர்ன்' ஆக்குகிற வேலையையும், அதையொட்டி பங்குக்குப் பங்கு (ஒரு பங்குச் சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்தான் பங்கு) நடக்கிற சண்டையையும் பார்ப்பதற்குத்தான் இந்தச் சுற்று. வேலை கெட்டுப்போன ஊர்களின் பெயரை எங்கேயும் எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்குக் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க நாளைக்கும் அதே சாமியாரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பூண்டி மாதா கோயில் 1999 ஆகஸ்ட் 3 அன்று பசிலிக்கா, அதாவது ரோம் தரும் சிறப்புத் தகுதி பெற்ற கோயில் ஆனது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தாலும் இது கும்பகோணம் மறைமாவட்டம், அதாவது கும்பகோணம் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிப் பகுதி. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான் கோயிலுக்குள் பார்க்கிற பொருள் புரியும். கும்பகோணம் 1899ல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது, அதாவது பிரெஞ்சு மிஷன் வழி. தஞ்சாவூர் 1952ல் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது, போர்த்துக்கீசியர் வழி. பொதுவாகச் சொன்னால், போர்த்துக்கீசியர் வழிக் கோயில்களில் பூசை வைக்கும் பீடத்தின் பின்சுவர் முழுக்கச் செங்கல்லும் சுதையுமாக மாடங்கள் எழும்பும். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு சுரூபம் (புனிதர் சிலை). பிரெஞ்சு வழியில் கூர்வளைவு, வண்ணக் கண்ணாடி, கப்பலில் வந்த பிளாஸ்டர் சுரூபங்கள். இரண்டும் கலந்தவையும் நிறைய. கெடுகிற விதம் மட்டும் இரண்டிலும் ஒன்றேதான்.

மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் ஒரு ஓய்வுபெற்ற உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக மறைக்கல்வி சொல்லித்தருபவர்) பேச்சுக்கொடுத்தார். "வத்திக்கான் சங்கந்தானே தம்பி பீடத்தையெல்லாம் ஒடைக்கச் சொன்னுச்சு?" திருச்சபையைச் சீர்திருத்த ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைச் சொல்கிறார். டெல்டா முழுக்க இதே கேள்விதான். பழமை பேசுகிறவர் இதைக் கோபமாகக் கேட்கிறார், புதுமை பேசுகிறவர் பெருமையாகச் சொல்கிறார். இருவருமே காகிதத்தைப் படித்ததில்லை.

காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான். 1963 டிசம்பர் 4ல் வந்த அந்தச் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனத்தில் பீடத்தை மக்கள் பக்கம் திருப்பு என்று ஒரு வரிகூட இல்லை. மாறாக, மதிப்புள்ள கலைப்பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 126ஆம் பத்தி ஆயர்களை எச்சரிக்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26ல் வந்த செயல்முறை ஆணையின் 91ஆம் எண்ணில்தான், முக்கியப் பீடம் சுவரை விட்டுத் தள்ளி, சுற்றிவரத் தக்கதாய், மக்களைப் பார்த்துப் பூசை வைக்கத் தக்கதாய் இருப்பது நல்லது என்று வருகிறது. அங்கும் 'நல்லது' என்ற அளவில்தான். இருப்பதை இடி என்று யாரும் சொல்லவில்லை. சீர்திருத்தம் என்ற சாக்கில் பல இடங்களில் தேவையில்லாத மாற்றங்கள் செய்துவிட்டார்கள் என்று ரோமே 1971 ஏப்ரல் 11ல் ஒரு சுற்றறிக்கையில் கண்டித்தது. இன்றைக்கு நடப்பில் உள்ள திருப்பலி (பூசை) நூல் விதியோ இன்னும் தெளிவு. 303ஆம் எண்ணில் இருக்கிறது: பழைய பீடம் மக்கள் பங்கேற்புக்கு இடைஞ்சலாக இருந்து, கலைமதிப்புக் கெடாமல் அதை நகர்த்தவும் முடியாவிட்டால், முன்னால் இன்னொரு நிலைப்பீடத்தை நேர்த்தியாகச் செய்து, முறையாக அர்ச்சித்து, பூசையை அதில் மட்டும் வைக்க வேண்டும், கவனம் சிதறாதிருக்கப் பழைய பீடத்துக்குத் தனி அலங்காரம் கூடாது.

இந்தக் கடைசி வரியைத்தான் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. திருவிழாவுக்குப் பழைய பீடத்தில் சாமந்திச் சரமும் சீரியல் பல்பும், புதுப் பீடத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. உபதேசியாரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "மாதா அங்கதான இருக்கு, பூவை வேற எங்க வெக்கிறது?" அதுவும் நியாயந்தான்.

நவம்பர் 12, புதன் – திருவையாறு, ஏலாக்குறிச்சி, கொள்ளிடக்கரையில் ஒரு கிராமம்

திருவையாற்றில் அசோகா, 100 கிராம் 40 ரூபாய். வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். நெய் மழைக் குளிரில் உறைவதற்குள் தின்றுவிட வேண்டும். கொள்ளிடப் பாலம் தாண்டி திருமானூர், அங்கிருந்து ஏலாக்குறிச்சி.

அடைக்கல மாதா கோயில் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவர் பிறந்த நாள் நவம்பர் 8, போன சனிக்கிழமைதான் போயிற்று. புடவை கட்டிய மாதா சுரூபம், தமிழ்ப் பெயர் வைத்த மாதா எல்லாம் இன்று நமக்குப் பழமை. இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியார் காவி கட்டிக்கொண்டு அதைத் தொடங்கியபோது எவ்வளவு முணுமுணுப்பு இருந்திருக்கும் என்று யோசிக்காமல், 'பழசு எல்லாம் புனிதம்' என்று வாதாடுவதில் பொருளில்லை.

பிற்பகலில் அருகே ஒரு கிராமக் கோயில். சுதை மாடப் பீடம் இருந்த இடத்தில் இப்போது கறுப்பு கிரானைட். அதற்கு மேல் டிஜிட்டல் டைல்ஸில் அச்சடித்த இராவுணவுப் படம், இரு ஓரமும் பி.ஓ.பி. தூண், பின்னால் நீலக் கலர் எல்.இ.டி. பீட முற்றத்தையும் மக்களையும் பிரிக்கும் கிராதிக்குப் பதில் எவர்சில்வர் கைப்பிடி. சுவரில் நாலரை அடி உயரத்துக்கு டைல்ஸ், தரையில் விட்ரிஃபைடு. உபயதாரர் பெயர்ப் பலகை மட்டும் பளிங்கு.

கோயில்பிள்ளை தயங்கித் தயங்கி சங்கிறீஸ்து (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) அலமாரியைத் திறந்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத் தாள்களுக்கு அடியில், பழைய பீடத் துணியில் சுற்றி ஒரு கல். ஏறக்குறைய ஓரடிச் சதுரம், ஒன்றரை அங்குலம் தடிப்பு. நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து சிலுவைக் கீறல்கள். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குழி, அதை மூடிய சிறு கல், மூட்டைச் சுற்றி வெள்ளைச் சாந்து. புனிதர் திருப்பண்டம் (எலும்புத் துண்டு போன்ற நினைவுப்பொருள்) வைத்து ஆயர் அர்ச்சித்த பீடக்கல் அது. மிஷன் காலத்துச் செங்கல் பீடங்களின் மேற்பரப்பில் இதைத்தான் சமமாகப் பதித்து வைப்பார்கள். "கொத்தனாரு குப்பையோட அள்ளப் போனாரு, நாந்தான் என்னமோ சிலுவை போட்டிருக்கேன்னு எடுத்து வெச்சேன்" என்றார். படிக்காத மனிதர் செய்த காரியம். பங்குப் பேரவையில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

பீடத்தில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். துணியை எடுத்துவிட்டு, சாமியார் நிற்கும் பக்கம் நடுவில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் கல்லின் விளிம்பு தட்டுப்படும். பல கோயில்களில் அதன்மேல் பிற்காலத்துப் பூச்சு இருக்கும், நாணயத்தால் தட்டினால் ஓசை மாறும். கல்லை முதலில் எடுத்து, எங்கே எந்தத் திசையில் இருந்தது என்று எழுதி, ஆயரகத்துக்குச் சொல்ல வேண்டும். பழமையோ கலையோ பக்தியோ காரணமாக மதிப்புப் பெற்ற சுரூபத்தைச் செப்பனிடுவதற்கே ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அவரும் தேர்ந்தவர்களைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1189. அனுமதி எங்கே என்று கேட்டால் "போன்ல சொல்லிட்டோம்" என்கிறார்கள்.

இனி சுவர். டைல்ஸ் முடிகிற நாலரை அடிக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, உள்ளே வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. காரணம் எளிது. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஓதத் தடுப்பு எதுவும் கிடையாது. டெல்டாவில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். கீழிருந்து ஏறும் ஓதம் முன்பு தரைக் கல்லின் இடுக்கிலும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. தரையை விட்ரிஃபைடால் மூடினால் அது சுவருக்குப் போகும். சுவரையும் சிமெண்டும் டைல்ஸுமாக மூடினால் மூடாத இடம் வரை ஏறும். இரண்டடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்கு வருவது இப்படித்தான். போகிற வழியில் உப்பு படிகமாகிச் செங்கல்லை மாவாக்கும். டைல்ஸ் அப்படியே நிற்கும், பின்னால் சுவர் இருக்காது.

ஓதமா, காற்றின் ஈரமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விட வேண்டும். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் காற்றிலிருந்து. முன்னதற்கு மருந்து சுவரைத் திறந்துவிடுவது. பின்னதற்கு ஜன்னலைத் திறந்தாலே போதும். டேப்புக்கும் தாளுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய் ஆகாது. 'வாட்டர் புரூஃப்' பெயிண்ட் அடிக்க ஆகிற செலவை நினைத்துப் பாருங்கள்.

திரும்புகையில் கடைசி பஸ் வரவில்லை. மழையில் ஒரு மணி நேரம் நின்றபின், பால் கேன் ஏற்றிவந்த மினி லாரிக்காரர் திருமானூர் வரை ஏற்றிக்கொண்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 13, வியாழன் – கும்பகோணம்

காலை இட்லியோடு கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கசகசா வாசமும். இரண்டு இட்லி, ஒரு காபி, எல்லாம் 75 ரூபாய். டிகிரி காபி மட்டும் குடித்தால் 30.

இன்றைக்குச் சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவரோடு முழு நாள். மடத்துக் கட்டடங்கள், பழைய வீடுகள் என்று வேலை இருக்கிறது, ஆனால் கோயில்கள் (இரு மதத்துக் கோயில்களுமே) கூப்பிடுவது குறைவு என்றார். கொத்தனார் கூலி நாளுக்கு 1,200, சித்தாள் 700.

அவர் கணக்கு: சாந்து குழைக்கிற நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ உடைத்த கடுக்காய், ஐந்து கிலோ வெல்லம். பத்து நாள் ஊறி, புளித்து, நுரை அடங்கியதும் வடிகட்டி எடுப்பது. சுண்ணாம்பைச் சுட்ட கல்லாக வாங்கித் தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கவிட்டு மூன்று வாரமாவது வைக்க வேண்டும். மாதக்கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது. நீறாத பொடிக் கல் ஒன்று தங்கிவிட்டாலும் பூசியபின் அது சுவரில் இருந்து வெடித்துக் குழி விழும். அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல், அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு கூடாது. ஒரு வாரம் பத்து நாள் சாக்குப் போட்டு ஈரம் காத்து, அப்புறம் இரண்டாம் பூச்சு. அது இறுகியபின் நைஸ் பூச்சு. முட்டை வெள்ளை கடைசிப் பூச்சுக்கு மட்டும், அதுவும் வேண்டும் என்று கேட்டால்தான்.

கூட்டிப் பாருங்கள்: இரண்டு மாதம். அதுவும் மழை விட்ட பிறகு. ஐப்பசி கார்த்திகையில் பூசிய சுண்ணாம்பு இறுகாமல் கொழகொழவென்றே கிடக்கும்.

பழைய பீடங்களின் உண்மையான எதிரி இங்கேதான் இருக்கிறது. மழையில் ஒழுகுவது ஐப்பசியில் தெரியும். பேரவை உடனே கூடும். 'கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடணும்' என்று தீர்மானம் வரும். சிமெண்ட் பூச்சு ஒரு வாரத்தில் காயும், டைல்ஸ் நாலு நாள். சுண்ணாம்புக்காரர் தை மாதம் வரச் சொல்வார், டைல்ஸ்காரர் நாளைக்கே ஆள் அனுப்புவார். வழிபாட்டுக் கொள்கை, சங்கம், லத்தீன், தமிழ் எல்லாம் அப்புறம் மைக்கில் பேசுவதற்கு. உடைக்கிற தேதியைத் தீர்மானிப்பது திருவிழாக் காலண்டர். எதை வைத்து மூடுவது என்பதை உபயதாரர் தீர்மானிக்கிறார். கூரையில் ஓடு மாற்றினால் பெயர் போட இடமில்லை, கிரானைட்டில் உண்டு.

மாலையில் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒன்றின் மேல் ஏற்றிக் காட்டினார். தேக்கு விட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலே ஓரங்குலத் தடிப்புள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை. கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவது. மேலே தட்டோடு. ஒழுகினால் இதன்மேல் இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். பத்தடிக்குப் பத்தடிக்கே அது 1,100 கிலோவுக்கு மேல் ஏறும் சுமை. விட்டம் தொய்யும், நடுவில் தண்ணீர் தேங்கும், இன்னும் ஒழுகும். அப்புறம் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பார்கள். மறைத்தபின் கரையானும் விட்ட முனை இற்றுப்போவதும் யார் கண்ணிலும் படாது. விட்டம் சுவருக்குள் நுழைகிற அந்த முக்கால் அடிதான் முதலில் போகும். வருடத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு ஆணியால் குத்திப் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றே.

நவம்பர் 14, வெள்ளி – மயிலாடுதுறை, காரைக்கால்

மயிலாடுதுறையில் துலா உற்சவக் கூட்டம். நாளை மறுநாள் கடைமுகம், அதனால் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் சேற்று நடை. செருப்பு வார் அறுந்தது. தைத்துக் கொடுத்த பெரியவர் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, குடையின் கம்பியையும் சும்மா நிமிர்த்தித் தந்தார்.

காரைக்கால் 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். கோயிலுக்கு வழி கேட்டதும், "தேற்றரவு..." என்று ஆட்டோக்காரர் ஏதோ பெயர் தொடங்கி, "பெரிய மாதா கோயில்தானே சார்?" என்று முடித்துக்கொண்டார். இந்தக் கோயில் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அடைமழை, உப்புக்காற்று.

கடலோரக் கோயில்களின் வண்ணக் கண்ணாடிக்கு எதிரி கல்லெறி இல்லை, இரும்புக் கம்பி. கண்ணாடித் துண்டுகளைக் கோத்திருக்கும் ஈயப் பட்டையைத் தாங்க, குறுக்கே இரும்புக் கம்பிகள் போட்டிருப்பார்கள். உப்பில் துரு ஏறினால் கம்பி பருக்கும்; சுவர்க் கல்லையும் பிளக்கும், கண்ணாடியையும் வளைக்கும். எம்-சீல் அப்புவது இதற்கு மருந்தாகாது. கம்பியை எவர்சில்வராகவோ வெண்கலமாகவோ மாற்ற வேண்டும். பாதுகாப்புக்கு வெளியே கண்ணாடி போட்டால் மேலும் கீழும் காற்றுத் துளை விட வேண்டும், இல்லையென்றால் நடுவே வெப்பமும் ஈரமும் அடைபட்டு ஈயம் தளரும். ஏ.சி. வைப்பதற்காக ஜன்னலை மொத்தமாகச் சீல் வைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

பிளாஸ்டர் சுரூபங்களும் அப்படித்தான். விரல்கள் உதிர்வது உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிப்பதால். உடைந்த இடம் வெள்ளையாகச் சுண்ணக்கட்டி போல் இருந்தால் பிளாஸ்டர். நார் வாட்டில் விரிசல் ஓடினால் மரம். இரண்டிலும் தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, பிளாஸ்டரில் ஈரத்துணிகூடக் கூடாது. எனாமல் பெயிண்டும் தங்கக் கலரும் அடித்து வைத்திருப்பதைச் சுரண்டினால் அடியில் இருக்கும் பழைய வண்ணமும் சேர்ந்து வரும். தெரிந்தவர் வரும்வரை சும்மா விடுவதே பெரிய சேவை.

டீக்கடையில் (டீ 15, சுழியம் 10) இளம் குருமாணவர் ஒருவர் ஃபோனில் பாரிஸ் நோத்ருதாமைக் காட்டினார். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் திறந்த பேராலயம். கியோம் பார்தே செய்த வெண்கலப் பீடம். அதுகூடப் பரவாயில்லை, தீயில் சேதமே ஆகாத 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகளை ஆறு சிற்றாலயங்களிலிருந்து எடுத்துவிட்டு, கிளேர் தாபுரே வரைந்த புதியவற்றை வைக்கப்போவதுதான் அங்கே பெரிய சண்டை. அயர்லாந்தின் கோவ் நகரப் பேராலயத்தில் ஆயரே பீட முற்றத்தை மாற்றக் கேட்டும், 2006ல் அந்த நாட்டுத் திட்ட மேல்முறையீட்டு வாரியம் முடியாது என்றுவிட்டது. "நம்ம ஊர்ல அப்படிக் கேக்க யாரு சார் இருக்கா?" என்றார் அவர். உண்மைதான். அங்கே அரசும் பாரம்பரியம் காக்கும் சங்கங்களும் நீதிமன்றமும் உண்டு. நம் பங்குக் கோயில்களில் பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. சாமியாரும் பேரவையும் ஒத்துக்கொண்டால் அன்று மாலையே கடப்பாரை இறங்கும்.

நவம்பர் 15, சனி – நாகப்பட்டினம், வேளாங்கண்ணி

சனிக்கிழமை மாதா நாள், கேட்கவே வேண்டாம். மழையிலும் முட்டி போட்டு மணல் பாதையில் போகிறவர்கள் நிற்கவில்லை. தென்னங்கன்று 80 ரூபாய் முதல். சங்கரா வறுவல் ஒன்று 120, பேரம் பேசினால் 100.

கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்பதுதான் பழைய கோயிலை இடிக்கச் சொல்லப்படும் பெரிய காரணம். வேளாங்கண்ணியை விடக் கூட்டம் எந்தப் பங்குக்கு? இங்கே 1933ல் இரு பக்கமும் சிறகுகள் சேர்த்தார்கள். 1962ல் பசிலிக்கா ஆனபின், 1975 வாக்கில் பழைய பீடத்துக்குப் பின்புறமாக லூர்து பேராலய மாதிரியில் இரண்டடுக்கு விரிவு கட்டினார்கள். அதற்கும் பிறகு விண்மீன் ஆலயம் தனியாக. மாதா இருந்த இடத்திலேயே இருக்கிறார். போர்த்துக்கீசிய மாலுமிகள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகளும் பீடத்தில் இருக்கின்றன. அழகு பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். பெரிதாக்க வேண்டுமென்றால் பக்கத்தில் கட்டு என்கிற வழி மட்டும் பின்பற்றத் தக்கது.

காணிக்கை அருங்காட்சியகத்தில் வெள்ளிக் கண், வெள்ளிக் கால், தொட்டில். நேர்த்திக்கடனாக வந்த பொருளை விற்பதற்கோ, கலை வரலாற்று மதிப்புள்ளதை விற்பதற்கோ ரோமின் அனுமதியே வேண்டும் (சட்டம் 1292). பழைய வெள்ளி மெழுகுத்தண்டுகளை உருக்கி டைல்ஸ் செலவுக்குச் சேர்க்கலாம் என்று யோசிக்கும் பேரவைகள் இதை ஒரு முறை படித்துக்கொள்ளட்டும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பழையது என்பதற்காகவே எதையும் காக்க முடியாது. நம் பழைய கோயில்களில் சில கிராதிகளும் தனிச் சிறகுகளும் நன்மை (நற்கருணை) வாங்க மட்டும் வைத்தவை இல்லை, சாதி பிரித்து உட்கார வைத்தவை. டெல்டாவுக்கு வெளியே வடக்கன்குளத்தில் அப்படிப் பிரித்த சுவரை நூறாண்டுக்கு முன்பே இடித்தார்கள். அதை மீட்டெடுக்க வேண்டும் என்று எந்தப் பாரம்பரியக்காரரும் வரமாட்டார், வந்தால் அடிக்க வேண்டும். தரையில் உட்காருவது, கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஆரத்தி எல்லாம் 1969 ஏப்ரலில் இந்தியாவுக்கு ரோம் அனுமதித்த 12 அம்சங்களில் வருகின்றன. நம் கிராமங்களில் என்றைக்குமே தரைதான். ரோம் அனுமதி கொடுத்த பிறகு நாம் பெஞ்சு வாங்க ஆரம்பித்தோம்.

நவம்பர் 16, ஞாயிறு – கடலோரத்தில் ஒரு பங்கு

காலைப் பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம். சிமெண்டால் இன்னும் கெடாத கோயில். டைல்ஸுக்கு 20,000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பங்குத்தந்தை இளைஞர், காது கொடுத்துக் கேட்கிறவர். ஒரு பாட்டி, "சாமி, எங்க பாட்டனாரு காலத்து பீடம், அதுல கை வெச்சா நான் பூசைக்கு வரமாட்டேன்" என்றார். பின்வரிசை இளைஞர் ஒருவர், "ஆச்சி, சாமி நம்மள பாத்துப் பூசை வெக்க வேணாமா?" என்றார். இரண்டுக்கும் இடமுண்டு. டேப்பைப் போட்டு அளந்தது இப்படி:

பழைய பீடத்தின் கடைசிப் படியிலிருந்து நாலடி விட்டுப் புதுப் பீடம். தூபம் காட்டிச் சுற்றிவர அது போதும். பீடம் ஐந்தடிக்கு இரண்டரை, உயரம் மூன்றடி மூன்றங்குலம். மேடை தரையில் துளை போடாமல் தேக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கும், நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். கல் பலகை நாலங்குலம் என்றார்கள். அந்த அளவுக்கு 300 கிலோவுக்கு மேல் வரும், கீழே தாங்குமா? பீட முற்றத்தில் கடப்பாரைப் பிடியால் தட்டிப் பார்த்ததில் இடதுபுறம் பொள்ளல் சத்தம். பாயைச் சுருட்டினால் கல்லறைக் கல், தேய்ந்த எழுத்து, யாரோ பழைய சாமியார். டைல்ஸ் ஒட்டியிருந்தால் அவரும் அடியில் போயிருப்பார். பீடத்தை வலப்பக்கம் ஓரடி நகர்த்த முடியாது, நடுவில்தான் நிற்க வேண்டும். ஆகவே பலகை இரண்டங்குலம், தாங்கல் மரம். மேற்பலகை இயற்கைக் கல்லாக இருந்தால் போதும், தாங்குவது தகுதியும் உறுதியும் உள்ள எதுவாகவும் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை பழைய பீடத்திலேயே இருக்கட்டும். அதற்கும் விதி இடம் தருகிறது.

சத்தம் எதிரொலிக்கிறது என்பது அடுத்த புகார். இரண்டு பெரிய ஸ்பீக்கர் முன்னால் அலறுவதால் வருவது அது. தூணுக்குத் தூண் சிறியதாக ஆறு, ஏழடி உயரத்தில், குறைந்த சத்தத்தில் வைத்தால் ஃபால்ஸ் சீலிங்கே தேவைப்படாது. தரையும் சுவரும் டைல்ஸானால் எதிரொலி கூடும் என்று சொன்னதும் பாடகர் குழுத் தலைவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

கெடு கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டருக்குத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5. தை பிறந்ததும் ஆரம்பித்தால் சுண்ணாம்புக்கு நேரம் இருக்கிறது. முதலில் தெற்குச் சுவர் மட்டும், பார்த்துவிட்டு மற்றது. வழக்கம்போல நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அட்வான்ஸ் பணத்தைத் திருப்பித் தர டைல்ஸ் கடைக்காரர் மறுத்துவிட்டார். அந்த டைல்ஸைச் சமூகக் கூடத்துக் கழிப்பறைக்கு ஒட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். உபயதாரர் மட்டும் பெயர்ப் பலகையை எங்கே வைப்பது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.